எந்த டேப்பிலிருந்து எடுத்தீர்கள் என்று அட்டையில் எழுதுங்கள்: இண்டி ராக் தட்டுகளை மறுபடி வெளியிடும் லேபிள்களுக்கு ஒரு திறந்த மடல்

சுயாதீன ராக் இசையான இண்டி ராக்கின் ஆல்பங்களை வினைல் தட்டுகளாக மறுவெளியீடு செய்யும் லேபிள்களின் (இசைத்தட்டு நிறுவனங்களின்) பொறுப்பாளர்களுக்கு,

உங்களில் ஒரு நிறுவனத்திடம் அண்மையில் மூன்று கேள்விகள் கேட்டேன். தொண்ணூறுகளில் வந்த ஓர் ஆல்பத்தின் மறுவெளியீட்டை அவர்களிடம் வாங்கியிருந்தேன். இதை எந்த டேப்பிலிருந்து மாஸ்டர் செய்தீர்கள் (அச்சுக்கான இறுதி ஒலியைத் தயாரித்தீர்கள்), அச்சுக்கு மூலமாக முதலில் பள்ளம் வெட்டப்படும் லாக்கர் தட்டை வெட்டியது யார், எந்த ஆலையில் அச்சானது என்பவைதான் கேள்விகள். மாஸ்டரிங் விவரங்களை வெளியிடுவதில்லை என்பது தங்கள் கொள்கை என்று பதில் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. அந்த ஆல்பமே வீட்டில் கேசட்டில் பதிவானதுதான், ஆகவே ஒலியில் தெரியும் குறைகளை அதன் இயல்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை. காசு கொடுப்பவருக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டியதில்லை என்கிறது முதல் வரி. வீட்டில் பதிவான இசைக்கு அவ்வளவு கவனம் எதற்கு என்கிறது இரண்டாவது வரி. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு நிறுவனத்தைத் திட்டித் தீர்ப்பது என் நோக்கம் இல்லை. இதே மௌனத்தை வேறு சில லேபிள்களிடமும் பார்த்துவிட்டேன். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இந்த மடல் ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியாக வந்து சேரும். கொலம்பஸிலும் டொராண்டோவிலும் சென்னையிலும் என்னோடு தட்டு சேர்க்கிற தமிழ் நண்பர்கள் படித்துவிட்டுத் தங்கள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பதால் முதலில் தமிழில் எழுதுகிறேன்.

கேசட் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் இருப்பது ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில். மேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் போனால் டேட்டன் வரும். கைடட் பை வாய்சஸ் அந்த ஊர்க் குழு. பாட்டெழுதிப் பாடுகிற ராபர்ட் போலார்ட் அங்கே பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். 1986-ல் முதல் இபி (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு தட்டு) வந்தது. அதன்பிறகு கைக்காசைப் போட்டும் கடன் வாங்கியும் வரிசையாக ஆல்பம் போட்டார்கள். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1992-ல் ‘ப்ரொபெல்லர்’ என்ற ஆல்பத்தோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அச்சடித்தது 500 தட்டுகள்தான். அட்டைக்குச் செலவு செய்யவும் வழியில்லை. குழுவினரும் நண்பர்களும் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையையும் கையால் வரைந்து, ஒட்டி, எழுதி முடித்தார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. கடைசி என்று நினைத்த அந்தத் தட்டுதான் கைமாறிக் கைமாறி வெளியூர்க் காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1993-ல் க்ளீவ்லண்ட் நகரத்து ஸ்கேட் ரெக்கார்ட்ஸ் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டது. 1994-ல் ‘பீ தௌசண்ட்’, 1995-ல் மேட்டடோர் லேபிள் வழியாக ‘ஏலியன் லேன்ஸ்’. இன்று அந்த 500-ல் ஒன்று விற்பனைக்கு வந்தால் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள்.

‘பீ தௌசண்ட்’டில் 20 பாட்டுகள், மொத்தம் 36 நிமிடத்துக்குச் சற்று மேல். பெரும்பகுதி டேட்டனின் கராஜ்களிலும் நிலவறைகளிலும் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில், அதாவது நாலு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் கருவியில், பதிவானது. முதல் பாட்டிலேயே ஒரு கித்தார் நடுவில் துண்டித்துப் போகும், அப்புறம் திரும்ப வரும். அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டை மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு அந்தத் துண்டிப்பும் பாட்டின் ஒரு பகுதி. விவரம் தெரியாத ஒருவர் கையில் அந்த டேப் கிடைத்து, கோளாறு என்று நினைத்து அதைச் ‘சரி’ செய்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வேறு ஆல்பம்.

கேசட்டின் டேப் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் நாலு டிராக்குகளை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் ஒரு நூலளவு. அதனால்தான் உஸ்ஸென்ற இரைச்சல் வருகிறது. இடம் போதாமல் இரண்டு மூன்று டிராக்குகளை ஒன்றாகக் கலந்து வேறொன்றில் ஏற்றும்போது இரைச்சல் இன்னும் கூடும், சத்தத்தின் கூர்மை குறையும். பெரிய ஸ்டுடியோவில் இரண்டங்குல டேப்பில் பதிவான ஆல்பத்துக்கு ஒரு பிரதியெடுப்பில் போகும் இழப்பு பெரிதாகத் தெரியாது. இங்கே முதலிலேயே மிச்சம் குறைவு. கையிருப்பு குறைவான வீட்டில்தான் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைக்க வேண்டும். வீட்டுப் பதிவுக்கு மூல டேப் எது, அது எத்தனையாவது பிரதி என்ற கேள்வி ஸ்டுடியோ ஆல்பத்துக்கு இருப்பதைவிட அதிக முக்கியம். எனக்கு வந்த பதில் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டது.

நான் வாங்கிய தட்டுக்கு வருகிறேன். அது கைடட் பை வாய்சஸ் இல்லை, அவர்கள் லேபிள்கள் மேல் எனக்கு வழக்கும் இல்லை. அதே காலத்தில் அதே மாதிரி வீட்டில் பதிவு செய்த இன்னொரு குழு. என்னிடம் அந்த ஆல்பத்தின் பழைய அச்சு உண்டு; ஓரம் கிழிந்த அட்டை, மேலே பழைய விலைச் சீட்டு. அதில் இரண்டாம் பக்கத்து மூன்றாவது பாட்டு தொடங்கும் முன் ரெக்கார்டர் பொத்தானை யாரோ அழுத்தும் ‘டக்’ கேட்கும். உடனே உஸ்ஸென்று ஒரு காற்று எழும். பாடப்போகிறவர் மூச்சிழுப்பது அதற்குள் கேட்கும். அதன் பிறகுதான் கித்தார்.

புதிய அச்சு 180 கிராம் எடை, தடித்த அட்டை, ஆரஞ்சு நிறத் தட்டு, மேலே ‘ரீமாஸ்டர் செய்யப்பட்டது’ என்று பளபளக்கும் ஸ்டிக்கர். ஊசியை வைத்தேன். ‘டக்’ இல்லை. காற்று இல்லை. மூச்சும் இல்லை. முழு நிசப்தத்திலிருந்து கித்தார் வெட்டினாற்போல் வந்து விழுகிறது. சிம்பல் அடித்து அடங்குகிற இடங்களில் தண்ணீருக்கடியில் கேட்கிற மாதிரி ஒரு குமிழ்ச் சத்தம். இரைச்சலைக் கணினியில் துடைத்தெடுக்கும்போது மிஞ்சும் தழும்பு அது. ஒருமுறை கேட்டுப் பழகிவிட்டால் அப்புறம் காதிலிருந்து போகாது. மெல்லப் பாடுகிற இடமும் கத்துகிற இடமும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. இதையெல்லாம் தாண்டி, அதே பக்கத்தின் கடைசிப் பாட்டில் இடது ஸ்பீக்கரில் மட்டும் காகிதத்தைக் கிழிக்கிறாற்போல் சர்ரென்று ஓடுகிறது.

எனக்குப் பதில் எழுதியவர்களே, இப்போது உங்கள் பதிலை மறுபடி படித்துப் பாருங்கள். இரைச்சல் அந்த ஆல்பத்தின் இயல்பு என்கிறீர்கள். அந்த இயல்பான இரைச்சலைத்தான் துடைத்துவிட்டீர்கள். மிச்சம் கேட்பது ஆலையில் வந்த கோளாறு. டேட்டனிலோ வேறெங்கோ ஒரு நிலவறையில் பாடிய பையன்கள் மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை.

அது ஆலைக் கோளாறுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நண்பர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். தட்டு செய்யும் பிளாஸ்டிக்கான பிவிசி சரியாக உருகாமலோ அழுத்தம் போதாமலோ பள்ளத்தின் அடிவரை நிரம்பாமல் போனால் அப்படி ஒரு பக்கச் சத்தம் வரும். ‘நான்ஃபில்’ என்பார்கள். மேசை விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் பள்ளங்களில் பொடிப்பொடியாக மினுமினுப்புத் தெரியும். துடைத்தால் போகாது, கழுவினாலும் போகாது. என் தட்டிலும் அப்படியேதான் தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன். படத்தைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு சொல்கூட இல்லை. இன்னொன்று, நடுத்துளை மையம் விலகியிருப்பது. பாட்டு ஓடும்போது ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மைப் பக்கவாட்டில் பாருங்கள். அது இடவலமாக ஆடினால் துளை தப்பு. நீண்டு ஒலிக்கும் பியானோ சுரத்தில் அது நெளிவாகக் கேட்கும்.

எங்கள் கூட்டத்தில் இந்தப் பாடமெல்லாம் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி வந்தவை. டேட்டன் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதுகளின் கடைசியிலிருந்து சேர்ப்பவர். புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிற யாரையும் அவர் முதலில் பார்க்கச் சொல்வது டெட்வாக்ஸைத்தான்: பாட்டு முடிந்து நடுச் சீட்டு தொடங்குவதற்கு இடையிலுள்ள வெறும் வளையம். அங்கே கையால் கீறிய, அச்சுக் குத்திய எழுத்துகள் இருக்கும். ‘ஸ்டெர்லிங்’ என்று முத்திரை இருந்தால் ஸ்டெர்லிங் சவுண்ட் என்ற மாஸ்டரிங் ஸ்டுடியோவில் வெட்டியது. ‘போர்க்கி’ என்று கீறியிருந்தால் இங்கிலாந்தின் ஜார்ஜ் பெக்கம் கைவண்ணம். எண்பதுகளின் பிரிட்டிஷ் இண்டி தட்டுகளில் அவர் விட்டுப்போன வாசகங்களைத் தேடிப் பிடிப்பதே சிலருக்குத் தனி சுகம். எஸ் என்ற எழுத்தோடு தொடங்கும் எண் இருந்தால் பெரும்பாலும் கலிபோர்னியாவின் ரெயின்போ ஆலை. அது 2020-ல் மூடியாயிற்று. யூ என்றால் நாஷ்வில்லின் யுனைடெட். ஆறு இலக்கத்துக்குப் பின்னால் இ வந்தால் செக் நாட்டு ஜிஇஸட் மீடியா. அட்டை ஒன்றாகவே இருக்கும், பார்கோடும் ஒன்றாகவே இருக்கும். எந்த அச்சு என்று காட்டிக்கொடுப்பது இந்தக் கீறல்கள்தான்.

நீங்கள் எழுதாமல் விட்டதை நாங்கள் இப்படிக் கீறலைப் பார்த்துத் துப்பறிகிறோம். ஒருவர் டொராண்டோவில் தட்டு வாங்கி டெட்வாக்ஸைப் படமெடுப்பார். நான் என்னுடையதோடு ஒப்பிடுவேன். சென்னை நண்பர் இரண்டையும் கேட்ட இன்னொருவரைத் தேடிப்பிடிப்பார். எந்த அச்சில் மாஸ்டர் மாறியது, எந்தத் தொகுதியில் நான்ஃபில் அதிகம், எது வெறும் சிடி கோப்பிலிருந்து எடுத்தது என்று ஒரு பட்டியல் வளர்கிறது. உங்கள் அலுவலகத்தில் பத்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய விவரத்துக்காக நாடு தாண்டி இத்தனை பேர் மெனக்கெடுகிறோம். அந்தப் பட்டியல் தப்பாகவும் போகலாம். சில சமயம் போகிறது. ஒரே அட்டையில் இரண்டு ஆலைகளின் தட்டுகள் வந்தால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

விவரத்தை மறைத்தால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் மூல டேப்பிலிருந்தே தட்டு வெட்டுகிறது என்று சேகரிப்பாளர்கள் நம்பி, அதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வந்தார்கள். 2011 முதல் வந்த பல வெளியீடுகளில் நடுவில் டிஜிட்டல் கோப்பு ஒன்று இருந்தது என்பது அந்த ஆண்டு ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரத்துத் தட்டுக் கடைக்காரர் ஒருவர் போட்ட காணொளியால் வெளிப்பட்டது. வழக்கு வந்தது, சமரசத் தொகை சுமார் 2.5 கோடி டாலர். அந்தத் தட்டுகளில் பல மிக நன்றாக ஒலிப்பவை. டிஜிட்டல் கோப்பு பாவமும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டதில்தான் ஜனங்களுக்குக் கோபம். அதன்பிறகு அந்த நிறுவனம் தன் வெளியீடுகளின் மூலத்தை எழுதத் தொடங்கியது. முன்பே எழுதியிருக்கலாமே?

எழுத முடியாத விஷயமும் இல்லை இது. 1984-லிருந்து சிடி அட்டைகளில் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று வந்தது நினைவிருக்கும். ஏஏடி, ஏடிடி, டிடிடி. முதல் எழுத்து பதிவு, இரண்டாவது மிக்ஸிங் (டிராக்குகளைக் கலப்பது), மூன்றாவது மாஸ்டரிங். ஏ என்றால் அனலாக், டி என்றால் டிஜிட்டல். கடையில் சிடியைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதில் எல்லா நுணுக்கமும் அடங்காது என்று குறை சொன்னார்கள், அந்தக் குறை நியாயம்தான். ஆனாலும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் ஒரு காலத்தில் இருந்தது. மூன்றெழுத்துக்கு அன்று இடம் இருந்தது. பன்னிரண்டங்குல அட்டையில் இன்று இடம் இல்லையா?

அடுத்தது ‘லிமிடெட்’ ஸ்டிக்கர். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கோபம் வருகிறது. ‘ப்ரொபெல்லர்’ 500 பிரதி என்று எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கை குறைவாக இருந்தது பணமில்லாததால். அதில் ஒளிவு மறைவு இல்லை. இப்போது ஓர் ஆல்பம் வருகிறது என்றால் கடைகளுக்கு ஒரு நிறம், லேபிளின் இணையக் கடைக்கு ஒரு நிறம், சந்தா கிளப்புக்கு ஒன்று, கச்சேரி மேசையில் ஒன்று. எல்லாவற்றிலும் ‘லிமிடெட்’. எத்தனை என்று மட்டும் இருக்காது. சில மாதம் கழித்து அதே நிறம் ‘இரண்டாம் அச்சு’ என்றுகூடச் சொல்லாமல் திரும்ப வருகிறது. முதலில் அவசரப்பட்டு வெளிச்சந்தையில் மூன்று மடங்கு விலைக்கு வாங்கினவர் ஏமாந்து நிற்கிறார்.

இதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஊர்க் கடையில் நல்ல தட்டு வந்தாலும் இன்னொரு பிரதி வாங்கி வைத்து, வேண்டியவருக்கு வாங்கின விலைக்கே அனுப்புவோம். தபால் செலவு தனி. அமெரிக்காவுக்குள் என்றால் புத்தகம், இசைத்தட்டு போன்றவற்றுக்கான மலிவுத் தபாலான மீடியா மெயிலில் குறைவாகவே ஆகும். அட்டை மூலை மடங்காமல் இருக்க, தட்டை உறையோடு வெளியே எடுத்து அட்டைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்ட வேண்டும் என்பதைக்கூட அந்தப் பெரியவர்தான் கட்டிக் காட்டினார். ஒரே ஆல்பம் ஐந்து நிறத்தில், எண்ணிக்கை தெரியாமல், நள்ளிரவு விற்பனையில் வருகிறபோது இந்த வழக்கம் உடைகிறது. ஒருவருக்கொருவர் செய்தி சொல்லத் தயங்குகிறார்கள். சொன்னால் தனக்குக் கிடைக்காதோ என்ற பயம். அதற்குள் மொத்தமாக வாங்கி விற்பவர்கள் புகுந்துவிடுகிறார்கள். இந்தக் குழுக்களைத் தாங்கிப் பிடித்ததே ரசிகர்களின் அந்தப் பேச்சுதான். 2004 டிசம்பர் 31 இரவோடு, சிகாகோ மேடையில் கைடட் பை வாய்சஸ் கலைந்தது. 2010-ல் பழைய ஆட்களோடு சேர்ந்து திரும்பி வந்தபோது காத்திருந்தவர்கள் யார்? டேட்டனில் 2023-ல் நாற்பதாவது ஆண்டைக் கொண்டாடியபோது ஊர் ஊராகக் கிளம்பி வந்தவர்கள் யார்? டேப் போட்டுக் கொடுத்தும், தட்டுத் தேடிக் கொடுத்தும், நடுவிலிருந்த வருடங்களில் அந்தப் பெயரைச் சாகவிடாமல் வைத்தவர்கள்.

உங்கள் தரப்புச் சிரமமும் எனக்குத் தெரியும். 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பானிங் நகரத்தில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தது. லாக்கர் தட்டு தயாரிக்க உலகத்தில் அதை விட்டால் ஜப்பானில் ஓர் ஆலைதான் இருந்தது. அதன்பின் பெருந்தொற்று, அச்சாலைகளில் மாதக்கணக்கில் வரிசை. அப்போது முன்பதிவு செய்த தட்டு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தபோது எங்கள் கூட்டத்தில் யாரும் முணுமுணுக்கவில்லை. காரணம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பழைய இண்டி குழுக்களின் டேப் தொலைந்திருக்கலாம், பூஞ்சை பிடித்திருக்கலாம், ஒட்டிக்கொண்டு ஓடாமல் போயிருக்கலாம். மிஞ்சியது சிடிக்காகச் செய்த டிஜிட்டல் கோப்பு மட்டுமே என்றால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதைச் சொல்லுங்கள், நான் வாங்கத் தயார். ஆல்பத்தின் மேல் உள்ள பிரியத்தில் எத்தனையோ பேர் வாங்குவார்கள். 2022-ல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன; சிடி 3.3 கோடிதான். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது அந்த ஆண்டில்தான். இவ்வளவு வாங்குகிறவர்களிடம் உண்மையைச் சொல்ல என்ன பயம்?

சொல்லி விற்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மை ப்ளடி வேலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் 1991 ஆல்பமான ‘லவ்லெஸ்’ஸை 2018-ல் முழுக்க அனலாக் முறையில் மறுபடி வெட்டி வெளியிட்டார். அனலாக் டேப்பிலிருந்து நேராக வந்தது என்று சொல்லியே விற்றார்கள். அதை விரும்பினவர்கள் தெரிந்தே வாங்கினார்கள். பழைய அச்சே போதும் என்றவர்களும் தெரிந்தே ஒதுங்கினார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவை.

மறுவெளியீட்டின் பின்னட்டையில், சின்ன எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, மூலம் என்ன என்று எழுதுங்கள். முதல் மிக்ஸ் டேப்பா, அதன் பிரதியா, டிஜிட்டல் கோப்பா, கோப்பு என்றால் எந்த ஆண்டு செய்தது என்று. மாஸ்டர் செய்தவர் பெயரும் லாக்கர் வெட்டியவர் பெயரும் ஆலையின் பெயரும் அதற்குப் பக்கத்திலேயே வரட்டும். அவர்களும் உழைத்தவர்கள், நன்றாகச் செய்த பொறியாளரின் பெயருக்காகவே தட்டு வாங்குகிறவர்கள் எங்களில் பலர்.

வீட்டில் பதிவான ஆல்பங்களில் இரைச்சலை நீக்கினால், நீக்கினோம் என்று சொல்லுங்கள். அதற்கு முன் குழுவினரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் ‘டக்’கும் மூச்சும் பேச்சும் அவர்கள் வேண்டுமென்றே விட்டவையா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குழு கலைந்துபோயிருந்தால் பழைய அச்சைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பிரதி இல்லையென்றால் எங்களைக் கேளுங்கள், யாராவது ஒருவர் இரவல் தருவார்.

டெஸ்ட் பிரஸ்ஸிங் (சோதனை அச்சு) வந்ததும் இரண்டு பக்கத்தையும் முழுக்கக் கேட்டுவிட்டு ஆலைக்கு ஒப்புதல் கொடுங்கள். அதையும் மீறி நான்ஃபில்லோடும் மையம் விலகியும் தட்டு வந்தால் மாற்றித் தாருங்கள். மாற்றப் பிரதி இல்லையென்றால் பணத்தைத் தாருங்கள். படம் அனுப்பிக் கேட்பவருக்கு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

‘லிமிடெட்’ என்று ஒட்டினால் எண்ணிக்கையையும் சேர்த்து ஒட்டுங்கள். மறுபடி அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் முதலிலேயே அறிவியுங்கள், இரண்டாம் அச்சை அட்டையில் அப்படியே குறிப்பிடுங்கள். எந்த நிறம் வந்தாலும் சாதாரணக் கறுப்புத் தட்டு ஒன்று, அவசரமில்லாமல், அசல் விலையில், கடையில் கிடைக்கிற மாதிரி வைத்திருங்கள்.

எனக்குப் பதில் எழுதிய நிறுவனத்திடம் தனியாக ஒன்று. நான் வாங்கிய தட்டுக்குப் பணம் திருப்பித் தந்தாலும் தராவிட்டாலும் சரி, மாஸ்டரிங் விவரங்களை வெளியிடுவதில்லை என்ற கொள்கையைக் கைவிடுங்கள். அந்த ஆல்பத்தின் மூல டேப் எது, இரைச்சலை யார் எடுக்கச் சொன்னது, எந்த ஆலையில் எத்தனை பிரதி அச்சானது என்பதை உங்கள் தளத்தில் அந்த ஆல்பத்தின் பக்கத்திலேயே போடுங்கள். அடுத்த அச்சுக்கு முன் பழைய டேப்பை மறுபடி எடுத்துக் கேளுங்கள். என் பழைய பிரதி ஒப்பிட வேண்டுமென்றால் தருகிறேன். தபால் செலவும் என்னுடையது.

கொலம்பஸிலிருந்து,
ஒரு தட்டுச் சேகரிப்பாளர்